ரெண்டு இஞ்சு

ஆடிக் காற்று கொட்டகைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை
பொடக்காலியில் பிக்கப்பை நிறுத்தி
முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம்.

வண்டிக்கு வயிறு தட்டுகிறது.
இட்டேரியில் ரெண்டு பக்கமும் ட்ராக்டர் அழுத்திய பள்ளம்,
நடுவில் எருமை முதுகு மாதிரி மேடு.
ஐம்பது பெட்டி தக்காளி ஏறியதும்
அடிப்பாகம் மண்ணை வாரிக்கொண்டே போகும்.
போன மாசம் ஒரு கல்
சைலன்சரைக் கழற்றி வைத்துக்கொண்டது.
அன்றைக்கு உடுமலைச் சந்தைக்குள்
ஊரையே எழுப்பிக்கொண்டு நுழைந்தோம்.

முன்பக்கம் பட்டறையிலேயே தூக்கியாச்சு.
கூலியைக் கேட்டதும்
பின்பக்கம் நாமே செய்யலாம் என்றார் இவர்.
உக்கடத்தில் பேரம் பேசிய இரும்புக் கட்டை ரெண்டு,
லேத்தில் வளைத்த நீள யூ போல்ட் நாலு.

ஜாக்கி இரவல் தந்த கிட்டுசாமி அண்ணன்
போகாமல் நின்றார்.
"ஜாக்கிய நம்பிப் பூந்தறாதீங்கொ,
கட்டையடுக்கி நிறுத்துங்கொ."
வேப்பங்கட்டைகள் மேல் சேசிஸ் உட்கார்ந்தது.
நான்தான் ஒல்லி.
அதனால் அடியில் நான்.

துருவேறிய நட்டுக்கு
ராத்திரியே டீசல் ஊற்றி வைத்திருந்தும்
ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இவர் தொங்கியபின்தான்
ஒரு கிறீச்சோடு அசைந்து கொடுத்தது.

அங்கே, பட்டைக்கு மேலே,
ஒட்டிக் காய்ந்த கரிசல் மண்ணில்
ஒரு தக்காளி நாற்று.
வெயிலே பார்க்காத வெளிறிய ரெண்டு இலை.
எத்தனை சந்தை போய்வந்ததோ.
கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.
பிறகு பிடுங்கினேன்.
போல்ட் அந்த வழியாகத்தான் இறங்கவேண்டும்.

கட்டையின் ஆணி
ஆக்சில் குழிக்குள் உட்காரவேண்டும், அவ்வளவுதான் வேலை.
"சித்தெ அக்கட்டால தள்ளு."
"எச்சாப் போச்சுங்க."
"இக்கட்டால."
"இப்ப கம்மி."
ஒரு மணி நேரம் இதையே பேசினோம்.
கல்யாணமான பதினோரு வருசத்தில்
இவ்வளவு நேரம் ஒரே விசயத்தைப் பேசியதில்லை.
டொக்.
மேலே யாரோ கைதட்டினார்கள். கிட்டுசாமி அண்ணன்தான்.

பிரேக் ஓஸ்
துணி காயப்போடும் கயிறாக விறைத்தது.
ஞாயிறு; பெதப்பம்பட்டியில் கடை இல்லை.
அதைப் பிடித்திருந்த தகட்டை
அரை இஞ்சு கீழே வளைத்துவிட்டோம்.
நூறு கிலோமீட்டர் ஓடியதும்
எல்லா நட்டையும் மறுபடி முறுக்கணும்
என்று லேத்துக்காரர் சொன்னதைச்
சுவரில் சுண்ணாம்பால் எழுதினார் இவர்.
பக்கத்தில் டேப் பிடித்து ரெண்டு கோடு:
பழைய உயரம், புது உயரம்.

விடியக்காலம் மூணு மணி. பெட்டி ஏற்றுகிறோம்.
மேலே நின்று வாங்கி அடுக்குவது இவர்,
கீழிருந்து தூக்கிக் கொடுப்பது நான்.
நேற்றுவரை என் இடுப்பெலும்புக்கு நேராக இருந்த பலகை
இன்றைக்குத் தொப்புளுக்கு.
பதினாலு கிலோப் பெட்டி.
பத்தாவது பெட்டியில் தோள் கேட்டது, என்ன ஆச்சு என்று.
இருபதாவதில் கணக்குப் போட்டேன்.
பெட்டிக்கு ரெண்டு இஞ்சு,
ஐம்பது பெட்டிக்கு நூறு.
எட்டடிக்கு மேல் கூடுதலாகத் தூக்குகிறேன்,
தினமும்.
டேப் வண்டியைத்தான் அளந்தது.

இட்டேரியில் இறங்கினோம்.
கிளுவை வேலி ரெண்டு பக்கமும் உரசியது.
அந்த மேடு வந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன், இவரும்.
ஒன்றும் தட்டவில்லை.
வெறும் காற்று, தூரத்தில் காத்தாடி சுற்றும் சத்தம்.
ரோடு வரும்வரை
அந்தத் தட்டாத சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனோம்.

ரோட்டில் எதிரே வந்த லாரியெல்லாம்
கண்ணைச் சிமிட்டித் திட்டியது.
எங்கள் வெளிச்சம் இப்போது
அவர்கள் முகத்தில் அடிக்கிறது.
"லைட்ட இறக்கோணும்" என்றார்.
"ஆமாங்க."

"நாளைக்கு மேல நான் நின்னுக்கறன்,
நீங்க கீழ."
எதற்கு என்று கேட்கவில்லை.
சந்தையில் இறங்கியதும் பலகையைப் பார்த்தார்,
குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்,
மறுபடி பலகையை.

நான் அதற்குள் ஏறிவிட்டிருந்தேன்.
இப்போது டயரில் கால் வைத்துத்தான்
ஏறவேண்டியிருக்கிறது.